இரண்டு மணிக்கு எழுந்து நிற்கும் பெண்

காஞ்சிபுரத்தில் பிறந்து, படித்து, பெண்டாட்டி கட்டி, பிள்ளை பெற்ற எனக்குக் காஞ்சிபுரத்திலேயே லாட்ஜில் அறை எடுக்க வேண்டி வந்தது. வரவேற்பில் இருந்தவர் என் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "கோயில் பாக்க வந்தீங்களா சார்? கைடு வேணுமா?" என்றார். "நான் இந்த ஊருதான்பா" என்றேன். "அப்புறம் எதுக்கு சார் ரூமு?" என்றார். நியாயமான கேள்வி. அம்மா அப்பா காலமான பிறகு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறோம். குடியிருப்பவரிடம் போய் ஒரு வாரம் படுக்க இடம் கொடு என்று கேட்க முடியாது.

சென்னையிலிருந்து வந்த பேருந்தில் ஏ.சி. என் தலைக்கு நேர் மேலே ஒழுகியது. பக்கத்து இருக்கைக்காரர் பேருந்துக்குள்ளேயே குடையை விரித்து என் கையில் கொடுத்துவிட்டுத் தூங்கிப் போனார். மெல்போர்னாக இருந்தால் வண்டியை நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். எனக்குக் குடைதான் பிடித்திருந்தது.

வந்த காரியம் சின்னது. என் மகள் நிவேதாவின் பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லை. பிறந்த நேரம், ஆஸ்பத்திரி, தாய் தகப்பன் விவரம் எல்லாம் உண்டு. குழந்தையின் பெயர் என்ற இடத்தில் மட்டும் ஒரு கோடு. நம் பக்கத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு இப்படித்தான். பெயர் வைப்பதற்குள் சான்றிதழ் வாங்கிவிடுவோம், பிறகு போய்ச் சேர்க்க மறந்துவிடுவோம். ஆதாரைக் காட்டி எப்படியோ பாஸ்போர்ட் வாங்கியாகிவிட்டது. நிரந்தரமாகத் தங்க விண்ணப்பம் போடும்போதுதான், அதை எழுதிக் கொடுப்பவர் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து, "இந்தக் குழந்தை யார்?" என்று கேட்டார். பெயரைச் சேர்த்துக்கொண்டு வருகிறேன் என்று விமானம் ஏறினேன்.

சின்னக் காரியத்தோடு ஒரு பெரிய கவலையும் கூடவே வந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

பொங்கல் முடிந்த கையோடு நாங்கள் மெல்போர்ன் போனோம். நிவேதா அப்போது மூன்றாம் வகுப்பு. அங்கே பள்ளியில் சேர்த்த நாளிலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் பேசுவாள், சண்டை போடுவாள், தோசை கருகிவிட்டது என்று குறை சொல்வாள். பள்ளி வாசலைத் தாண்டினால் ஊமை. அவர்களும் எவ்வளவோ செய்து பார்த்தார்கள். படம் போட்ட அட்டைகள் கொடுத்தார்கள். விளையாட்டு மைதானத்தில், துணையில்லாத பிள்ளைகள் உட்காருவதற்கென்றே ஒரு பெஞ்சு இருக்கிறது. அதில் உட்கார்ந்தால் மற்ற பிள்ளைகள் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். நிவேதாவையும் கூப்பிட வந்தார்கள். பிறகு வருவதை நிறுத்திவிட்டார்கள்.

அவர்கள் நிறுத்தியதற்குக் காரணம் இருந்தது. தினமும் மதியம் சரியாக மூன்று மணிக்கு நிவேதா தன் இடத்தில் எழுந்து நின்றாள். ஒன்றும் சொல்வதில்லை. எதிரே யாரையோ பார்ப்பது போலச் சில நொடிகள் நின்றுவிட்டு உட்காருவாள். அவ்வளவுதான். ஆனால் நாள் தவறாமல், கடிகாரத்தைப் பார்க்காமல் ஒரு பெண் இதைச் செய்தால் எட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பயம் வரத்தான் செய்யும். பக்கத்தில் இருந்தவள் வேறு இடம் கேட்டுப் போய்விட்டாள்.

ஏப்ரலில் அந்த ஊரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைப்பார்கள். அடுத்த நாளிலிருந்து நிவேதா இரண்டு மணிக்கு எழுந்து நின்றாள். ஆசிரியை இதைக் குறித்து வைத்து எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். மே மாதம் முழுக்க நிற்கவில்லை. தீர்ந்தது என்று நானும் என் மனைவி சுமதியும் பெருமூச்சு விட்டோம். ஜூனில் ஒருநாள் மறுபடி ஆரம்பித்தது. ஜூலையில் ஒரு சனிக்கிழமை, வீட்டில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் இரண்டு மணிக்குக் கையில் பிடித்த கவளத்தோடு எழுந்து நின்றாள். சுமதி அன்று ராத்திரி அழுதாள். "இந்த வருஷம் முடியறதுக்குள்ள அவ அங்க வாயைத் திறக்கலைன்னா நாம ஊருக்கே போயிடலாம்" என்றாள். ஊரில் விட்டு வந்த வேலை எனக்காகக் காத்திருக்கவில்லை. அதை நான் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் மாநகராட்சி அலுவலகம். அங்கிருந்த அம்மா சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பொண்ணு எங்க படிச்சுது? அந்த ஸ்கூல்ல பேரு எப்படி எழுதிக்கிறாங்கன்னு ஒரு சர்ட்டிபிகேட் வாங்கினு வாங்க" என்றார். ஆக, பழைய பள்ளிக்குப் போகவேண்டும். எனக்கு அது உள்ளூரப் பிடிக்கவில்லை. ஏனென்றால் நாங்கள் அந்தப் பள்ளியில் சொல்லிக்கொள்ளாமல் போனவர்கள்.

விசா வந்ததிலிருந்து விமானம் ஏறும் வரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்பது எங்கள் தெருவின் எழுதாத சட்டம். சொன்னால் கண் பட்டுவிடும். எதிர்வீட்டுப் பையன் துபாய்க்குப் போனதே எங்களுக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். நாங்களும் அப்படியே செய்தோம். நிவேதா வெள்ளிக்கிழமை வழக்கம்போல் பள்ளிக்குப் போனாள், சனிக்கிழமை விமானத்தில் இருந்தாள். "ஸ்கூல்ல யார்கிட்டயும் சொல்லக்கூடாது பாப்பா" என்று நான்தான் நாலு முறை சொல்லி அனுப்பினேன். டி.சி.யும் வாங்கவில்லை. கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடுமே. "ஒரு வருஷம்தான், அப்புறம் வந்துடலாம்" என்று அவளிடம் சொல்லியிருந்தேன். அது பொய் என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும்.

பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. அலுவலகம் பூட்டியிருந்தது. வாசலில் மிட்டாய்க் கடை வைத்திருக்கும் அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது.

"இன்னா சார், ஆளையே காணோம்? இளைச்சுட்டீங்களே."

"வெளியூர்ல இருக்கேன்மா."

"அதான் பாப்பாவ கூட்டிக்கினு போக நீங்க வர்றதே இல்ல. நிவேதாதானே? நேத்துகூட அதுக்குத் தேன்மிட்டாய் குடுத்தனே."

"நிவேதாவுக்கா?"

"ஆமா. தெனமும் வாங்குது. ஒண்ணு மோனிஷாவுக்கு, ஒண்ணு நிவேதாவுக்கு. ஏன் சார், வேணாமா? பல்லு சொத்தையா?"

மோனிஷா, பழைய வகுப்பில் நிவேதாவின் பக்கத்து இடத்துக்காரி. லாட்ஜைப் பார்த்து நடந்தேன். ஆடி மாத வெயில் சாயங்காலத்திலும் சுட்டது. லாட்ஜுக்குக் கீழே உள்ள கடையில் இட்லி வாங்கினேன். சுக்கும் மிளகும் போட்ட எங்கள் ஊர் இட்லியை மெல்போர்னில் ஏழு மாதம் கனவு கண்டிருக்கிறேன். இரண்டு விள்ளலோடு பொட்டலத்தை மூடி வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, ஒன்பது மணிக்கே பள்ளிக்குப் போனேன். தலைமை ஆசிரியை பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "சொல்லாம கூட்டிட்டுப் போயிட்டீங்களே சார்" என்று மட்டும் சொன்னார். டி.சி. வாங்காததால் பெயரை அடிக்க முடியாது, ஜூனில் நாலாம் வகுப்புப் பதிவேட்டில் தானாக ஏறிவிட்டது, வகுப்பு ஆசிரியையிடம் போய்ப் பேசுங்கள் என்று அனுப்பினார்.

வகுப்பு வாசலுக்குப் போகும்போது வருகைப் பதிவு நடந்துகொண்டிருந்தது. முடியட்டும் என்று தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றேன்.

"லாவண்யா." "உள்ளேன் மிஸ்."

"மோனிஷா." "உள்ளேன் மிஸ்."

"நிவேதா."

"உள்ளேன் மிஸ்."

அது என் மகளின் குரல். சத்தியமாகச் சொல்கிறேன், எட்டு வருஷம் கேட்ட குரலை எனக்குத் தெரியாதா? இழுத்து, கடைசியில் கொஞ்சம் மூக்கால் முடிக்கும் அதே குரல். கதவோரம் எட்டிப் பார்த்தேன். இரண்டாம் பெஞ்சில் ஓரத்தில், எழுந்து பதில் சொன்ன மோனிஷா உட்கார்ந்தாள். அவளுக்கும் அடுத்தவளுக்கும் நடுவே ஒரு ஆள் இடம் காலி. மூன்று பேர் நெருக்கிக்கொண்டு உட்காரும் வகுப்பில் அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை. "பவித்ரா" என்று அடுத்த பெயர் போய்விட்டது.

கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பதரை. மெல்போர்னில் மணி இரண்டு.

ஏப்ரலில் நேரம் மாறியது, மே விடுமுறை, ஜூனில் பள்ளி திறந்தது, எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஆசிரியை வெளியே வந்ததும் நான் முதலில் கேட்டது, ஜூலையில் அந்தச் சனிக்கிழமை பள்ளி இருந்ததா என்றுதான்.

"ஆமா சார், லோக்கல் லீவு விட்டதுக்கு ஈடா அன்னைக்கு ஸ்கூல் வெச்சோம். ஏன்?"

"நிவேதா பேரை ஏன் மேடம் கூப்பிடறீங்க?"

அவர் சங்கடப்பட்டார். "மூணாங்கிளாஸ்லயும் இவங்களுக்கு நான்தான் சார். அவ வராத முதல் நாள் பழக்கத்துல கூப்பிட்டேன், மோனிஷா சொல்லிட்டா. பிள்ளைங்க சிரிச்சுதுங்க. ரெஜிஸ்டர்ல ஆப்சென்ட்தான் போடறேன். ஆனா பேரை விட்டுட்டுப் படிச்சா பவித்ரா தடுமாறுது, மோனிஷா அழுவுது. சரி, நடந்துக்கினு போவட்டும்னு விட்டுட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "முதல்ல மோனிஷா அவ சொந்தக் குரல்லதான் சொல்லிக்கினு இருந்தா. எப்ப மாறுச்சுன்னு எனக்கே தெரியல" என்றார்.

இரண்டு பிள்ளைகளுக்கும் இடையே போன் கிடையாது, கடிதம் கிடையாது. மோனிஷா வீட்டு எண்கூட எங்களிடம் இல்லை. நான் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவன். காரணம் இல்லாமல் ஒன்று ஓடும் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். இதற்குக் காரணம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. சுமதிக்குப் போன் போட்டேன். "இன்னைக்கும் நின்னாளாம்" என்றாள்.

மோனிஷாவின் வீடு ஐயம்பேட்டையில் என்று ஆசிரியை சொன்னார். சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் பத்தாவது ஆளாகத் தொற்றிக்கொண்டேன். பாதி வழியில் டயர் பஞ்சர். ஓட்டுநர் ஸ்டெப்னியைத் தேடினார். அதையும் நேற்றே மாட்டிவிட்டாராம். "நடந்தா பக்கம்தான் சார், காலாற போங்க" என்று இறங்கிய எல்லோருக்கும் ஒரே ஆறுதலைச் சொன்னார். மூட்டை வைத்திருந்த ஒருவர் திட்டிக்கொண்டே நடந்தார், நான் அவர் பின்னால் நடந்தேன்.

வீட்டுக்குள் தறி ஓடிக்கொண்டிருந்தது. கோர்வைச் சேலை. உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்பதால் ஒற்றை ஆளால் நெய்ய முடியாது. மோனிஷாவின் அப்பா தறியில் உட்கார்ந்து நெய்ய, அம்மா ஓரத்தில் உட்கார்ந்து கரைக்கான நூல் ஓடும் நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தார். யாரென்று சொன்னேன். "நிவேதா அப்பாவா! வாங்கண்ணா, உக்காருங்க" என்றார் அந்த அம்மா, கையை நிறுத்தாமல். மோனிஷா உள்ளே இருந்து ஓடி வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள்.

"அவ எங்க அங்கிள்?"

"அவ வரலைம்மா. நீ ஏன் அவ பேருக்குப் பதில் சொல்றே?"

"அவதான் சொல்லச் சொன்னா. அன்னைக்கு வெள்ளிக்கிழமை, ஸ்கூல் விட்டப்ப. திங்கக்கிழமை நான் லேட்டா வருவேன், நான் வர்ற வரைக்கும் என் பேருக்கு நீ சொல்லுன்னா. நான் ப்ராமிஸ் பண்ணேன்." இப்போது அவள் சொந்தக் குரலில்தான் பேசினாள். அது வேறு குரல், கொஞ்சம் கரகரப்பு. "எப்ப அங்கிள் வருவா?"

சொல்லக்கூடாது என்று நான் வாயைக் கட்டிய என் பெண், சொல்லாமல் சொல்லக் கண்டுபிடித்த வழி அது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "அவ வரமாட்டாம்மா" என்றேன்.

தறி நின்றது. மோனிஷாவின் அம்மா நாடாவைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, "விளக்கு வெக்கிற நேரத்துல அப்படி சொல்லாதீங்கண்ணா" என்றார். என்ன நினைத்துவிட்டார் என்று அப்போதுதான் புரிந்தது. "ஐயோ, அவ நல்லா இருக்கா. ஆஸ்திரேலியாவுல இருக்கா. இனிமே அங்கதான் படிப்பா" என்று அவசரமாகச் சொன்னேன்.

மோனிஷா அழவில்லை. "பொய்" என்றாள். "அவ கிளாஸ்லதான் இருக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. அவள் அப்பாதான், "திங்கக்கிழமை நீங்களே கிளாஸ்ல வந்து சொல்லுங்கண்ணா. எங்க வாயால சொன்னா நம்பாது" என்றார்.

சனி, ஞாயிறு எப்படியோ போயின. ஞாயிற்றுக்கிழமை ஓரிக்கைப் பக்கம் போய்ப் பாலாற்று மணலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிவேதா போனில் வந்தாள்.

"மோனிஷாவைப் பார்த்தியாப்பா?"

மோனிஷா வீட்டுக்குப் போனதை நான் யாரிடமும் சொல்லவில்லை, சுமதியிடம்கூட. "பார்த்தேன் பாப்பா."

"நாம எப்பப்பா ஊருக்குப் போறோம்?"

"சிக்னல் சரியில்ல, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். சிக்னல் நாலு கோடும் நிறைந்திருந்தது.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு நாலாம் வகுப்புக்குள் நின்றேன். ஆசிரியை பெயர்களைப் படித்தார். லாவண்யா. மோனிஷா. பிறகு என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, "நிவேதா" என்றார்.

பதில் இல்லை. மோனிஷா உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். மொத்த வகுப்பும் அந்தக் காலி இடத்தைப் பார்த்தது. யாரும் அசையவில்லை. மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும். பவித்ரா வாயைத் திறந்து மூடினாள். அந்த இடத்தில் யாரோ எழுந்து நிற்பது போல எனக்கே தோன்ற ஆரம்பித்தது. பதில் வராமல் உட்காரமாட்டேன் என்று நிற்பது போல. இனிமேலும் பேசாமல் இருக்க முடியவில்லை.

"நிவேதா வரமாட்டா" என்றேன். "நாங்க ஆஸ்திரேலியா போயிட்டோம். இனிமே அவ இங்க படிக்க வரமாட்டா."

மோனிஷா பெஞ்சில் தலையைக் கவிழ்த்து ஓவென்று அழுதாள். ஆசிரியை சிவப்பு மையால் கோடு போட்டார்.

தலைமை ஆசிரியையின் அறையில் சான்றிதழுக்குக் காத்திருந்தபோது சுமதி கூப்பிட்டாள். பள்ளியிலிருந்து அவளுக்குப் பேசியிருக்கிறார்கள். இரண்டு மணிக்கு எழுந்தவள் இன்று உட்காரவே இல்லையாம். நின்றுகொண்டே இருந்தாளாம். ஆசிரியை அருகில் போவதற்குள் வாய்விட்டு அழ ஆரம்பித்தாளாம். அந்தப் பள்ளியில் அவள் குரலை எல்லோரும் கேட்டது அப்போதுதான். பயந்து ஒதுங்கிய பிள்ளைகள், இது அழுகை என்று தெரிந்ததும் எழுந்து வந்து சுற்றி நின்றார்களாம். "அங்க என்னங்க பண்ணீங்க?" என்றாள் சுமதி. "உண்மையைச் சொன்னேன்" என்றேன். அது போதாது என்று எனக்கே தெரிந்தது.

மதியச் சாப்பாட்டு வேளையில், மெல்போர்னில் ஐந்து மணி தாண்டியதும், ஆசிரியையிடம் அனுமதி கேட்டு மோனிஷாவைத் தாழ்வாரத்துக்குக் கூட்டி வந்தேன். போன் திரையில் நிவேதா வந்தாள். இரண்டு பேருக்கும் கண் வீங்கியிருந்தது.

"நீ வரமாட்டியாமே" என்றாள் மோனிஷா.

"தெரியும்."

"யாரு சொன்னாங்க?"

"நீ இன்னைக்கு என் பேருக்குச் சொல்லலியே."

மோனிஷாவுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. அவளுக்கு வேறு கேட்க வேண்டியிருந்தது.

"அன்னைக்கே ஏன்டி சொல்லல?"

"எங்கப்பா சொல்லக்கூடாதுன்னாரு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "தப்பு என்னுதுதான்" என்றேன். அதை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, தங்களுக்குள் திரும்பிவிட்டார்கள்.

"அங்க உன் பக்கத்துல யாருடி உக்கார்றா?"

"யாருமில்ல. இன்னைக்கு மட்டும் பின்னாடி பெஞ்சுலேந்து ஒருத்தி வந்து உக்காந்தா."

"பேரு என்ன?"

"தெரியல."

"கேக்கமாட்டியா?"

நிவேதா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். தாழ்வாரத்தில் பிள்ளைகள் டிபன் டப்பாவோடு எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்குக் கேக்கறேன்" என்றாள்.